நடு நாற்காலி

மார்ச் 3, திங்கள்

பிரசவ ஆஸ்பத்திரி அறிக்கையை முடித்துக் கொடுத்துவிட்டேன். மூன்று மாடிக் கட்டடம். மேலே இன்னும் இரண்டு மாடி எழுப்ப வேண்டும் என்பது அதன் உரிமையாளரான டாக்டரின் ஆசை. முடியாது என்று எழுதியிருக்கிறேன். தரைத்தளத் தூண்கள் பலவற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து, பூச்சைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிறது. மேலே வண்ணம் அடித்து மறைத்திருக்கிறார்கள். துளையிட்டு எடுத்த கான்கிரீட் துண்டைக் கையில் வைத்தால் ஓரம் மாவாக உதிர்கிறது. இப்போதிருக்கும் சுமையையே அது பழக்கதோஷத்தில்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது.

கடைசி வாக்கியத்தை அறிக்கையில் எழுதவில்லை. இங்கே எழுதலாம்.

வியாழக்கிழமை கூட்டம். நான் எழுதியதை முகம் வாசிக்கும். முட்டி வலி.

மார்ச் 6, வியாழன்

எங்கள் அலுவலகத்தில் கட்டட ஆலோசனை எப்படி நடக்கிறது என்று சொன்னால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் சொல்லமாட்டார்கள். எனக்கும் இது பழகிப்போய், விசித்திரம் என்றே தோன்றாத நிலைக்கு வந்துவிட்டேன். இன்றைக்குப் பிறகு அப்படி இருக்க முடியாது. எழுதி வைக்கிறேன்.

கூட்டத்தில் நடு நாற்காலி முகத்துக்கு. வலப்பக்கம் முதலாளி. இடப்பக்கம், கணினியோடு, நான். முகம் என்பது நான் வைத்த பெயர், யாரிடமும் சொன்னதில்லை. அவர் வெள்ளைக்காரர். நரைத்த தாடி, நல்ல உயரம், நல்ல கோட்டு. கோட்டு கம்பெனியுடையது. இங்கே வருவதற்கு முன் ஒரு ஹோட்டலில் மாலை வேளைகளில் பாடிக்கொண்டிருந்தார். முதலாளி அங்கேதான் அவரைக் கண்டெடுத்தார். அட்டையில் 'தலைமை ஆலோசகர்' என்று இருக்கிறது. யாராவது கேள்வி கேட்டால் அவர் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், சற்று யோசிக்க வேண்டும், "நல்ல கேள்வி. எங்கள் குழு பார்த்துச் சொல்லும்" என்று சொல்ல வேண்டும். குழு என்பது நான்.

இது இல்லாமல் வேலை கிடைப்பதில்லை. கிடைத்ததில்லை. அதுவும் உண்மை.

இன்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். அறிக்கையைத் திறப்பதற்கு முன்பே டாக்டர் முகத்தின் தோளில் கைபோட்டு, "வாங்க, மொட்டை மாடியிலேருந்து பாத்தாத்தான் என் கனவு புரியும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி மேலே கூட்டிப் போய்விட்டார். நான் முட்டி வலியோடு பின்னால் ஏறினேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி, கொடிகளில் வரிசையாக ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கைகளை விரித்து, இங்கே அறுவைச் சிகிச்சை அரங்கு, இங்கே குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு அறை என்று ஆகாயத்தில் வரைந்துகொண்டிருந்தார். பிறகு நேராகக் கேட்டார்: "சொல்லுங்க. ரெண்டு மாடி. தாங்கும்தானே?"

முகம் சுற்றிலும் பார்த்தது. கண்ணாடியைக் கழற்றவில்லை. குதிகாலால் தளத்தை ஒரு தட்டுத் தட்டியது. "ஏன் தாங்காது? நல்ல உறுதியான பழைய கட்டடம்" என்றது.

நான், "சார், அறிக்கையில—" என்று ஆரம்பித்தேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம்மா. அவர் பேசிட்டிருக்கார்."

அவ்வளவுதான். கீழே வந்து காபி குடித்தோம். அறிக்கை பைக்குள்ளேயே இருந்தது. அடுத்த மாதம் வேலை தொடங்கலாம், மேல் மாடிகளுக்கு வரைபடமும் நாங்களே போடலாம் என்று டாக்டர் முதலாளியின் கையைக் குலுக்கினார். காரில் திரும்பும்போது முதலாளி பாட்டு முணுமுணுத்தார். பாடத் தெரிந்தவர் பேசாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் வந்ததும் தரைத்தளத் தூண்களை மறுபடி கணக்குப் போட்டேன். அதே விடை.

மார்ச் 8, சனி

இன்றும் போட்டேன். வேறு முறையில். அதே விடைதான்.

எதற்காகப் போட்டேன்?

யாரும் கேட்கவில்லை. முதலாளி சந்தேகப்படவில்லை, அவர் அறிக்கையைப் படிப்பதே இல்லை. பாட்டுக்காரர் ஒருவர் குதிகாலால் தட்டிவிட்டு 'ஏன் தாங்காது' என்கிறார். இருபத்தைந்து வருஷமாகத் தூண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற நான், எங்கேயாவது தப்பு விட்டிருப்பேனோ என்று இரண்டு நாளாகத் தேடுகிறேன். என் கணக்கில்.

அவர் யார் என்று தெரியாதவர்கள் நம்புவதில் ஒரு நியாயம் இருக்கிறது. எனக்குத்தான் தெரியுமே. அவருக்குக் கோட்டு அளவெடுக்கக் கடைக்குக் கூட்டிப்போனதே நான்தானே.

நேற்றுக் கணக்குப் போடும்போது மனசில் ஓடிய வாக்கியத்தை எழுதிவிடுகிறேன், பிறகு வெட்கமாக இருக்கட்டும்: 'அவங்க ஊர்ல இதைவிடப் பழைய கட்டடமெல்லாம் நிக்குது, பார்த்துப் பழகின கண்ணு.'

பார்த்துப் பழகின கண்ணாம். அப்படியென்றால் அவர் ஊரில் தபால்காரருக்கும் தூண் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

முகம் வீட்டுக்குத் தொலைபேசினார். வியாழக்கிழமை ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனா, உங்கள் முகம் ஒரு மாதிரி ஆனது என்று கேட்டார். இல்லை, திங்கட்கிழமை பேசலாம் என்று மழுப்பினேன். மிருதுவாக வேறு பேசினேன். ஆங்கிலம் பேசும்போது என் குரல் சற்று மேலே போய்விடுகிறது, யாரோ சின்னப் பெண் பேசுவதுபோல.

வைத்ததும் அம்மா கேட்டாள், "யாரு, வெள்ளைக்காரரா?"

"எப்படித் தெரியும்?"

"எழுந்து நின்னு பேசறியே. உக்காந்து பேசினா என்ன, முட்டி வலின்னு காலையிலேருந்து புலம்பறே."

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியைக்கூட வைக்காமல்.

"உங்கப்பா மாதிரியே" என்றாள் அம்மா. அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. மூக்கு அப்பா மாதிரி என்பதுபோலச் சொன்னாள்.

அப்பா கப்பல் கம்பெனி அலுவலகத்தில் தலைமை எழுத்தர். வெள்ளைக்கார மேலாளரிடமிருந்து வீட்டுக்குத் தொலைபேசி வந்தால் எழுந்து நிற்பார். சட்டை போடாமல் இருந்தால் ஒரு கையால் சட்டையைத் தேடுவார். நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்போம். அவர் காதில் விழுந்தும் திட்டியதில்லை. அதற்குத்தான் இப்போது மனசு என்னவோ செய்கிறது.

இன்று அம்மா சொன்ன மீதிக் கதை எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் போய், கம்பெனி கைமாறி, நம்மவர் ஒருவர் மேலாளராக வந்தாராம். படித்தவர், நல்லவர், அப்பாவிடம் மரியாதையாக நடந்தவர். அவர் கூப்பிட்டால் அப்பா நாற்காலியில் சாய்ந்தபடியே பேசுவாராம். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "இவனுக்கெல்லாம் எதுக்கு எழுந்து நிக்கணும்? நம்மாளுதானே" என்றாராம்.

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், எங்கள் முதலாளி தொலைபேசியில் வந்தால் நான் எழுந்ததே இல்லை. சம்பளம் கொடுப்பவர் அவர்.

மார்ச் 11, செவ்வாய்

முதலாளியிடம் பேசினேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

"மேடம், அவர் வாயால வந்துடுச்சு. இனிமே அதை எப்படித் திருப்பி உள்ள போடறது?"

"அவர் என்ஜினியர் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது. தெரிஞ்சா நாம மூணு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

தூண்களைச் சுற்றிப் பலப்படுத்தி ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். அஸ்திவாரமே போதாது, தூணைப் பருமனாக்கினால் அதன் எடையும் சேர்ந்து கீழே இறங்கும் என்றேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. முகம் வருவதற்கு முந்தைய வருஷங்களை அவரால் மறக்க முடியவில்லை. "எத்தனை இடத்துல நானும் நீங்களும் போய் உக்காந்தோம். உங்க அறிக்கையை அப்படியே தூக்கி, வெளிநாட்டு ஆள் வச்சிருக்கறவன்கிட்ட குடுத்து, இது சரியான்னு கேட்டாங்க. அவனும் அதையே டைப் அடிச்சுக் குடுத்தான். ஞாபகம் இருக்கா மேடம்?"

இருக்கிறது. எழுத்துப்பிழைகூட என்னுடையதுதான்.

"நீங்களே வேணும்னா டாக்டரைப் பாத்துப் பேசுங்க" என்றார் கடைசியில். "ஆனா முகத்தை விட்டுக்குடுக்காம பேசுங்க."

தூக்கிவாரிப்போட்டது. அவரும் முகம் என்றுதான் சொல்கிறார். ரகசியப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அறையில் உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், எல்லாப் பக்கங்களையும் பொறுமையாகக் கேட்டார். முட்டாள் இல்லை. கைராசிக்காரர் என்று ஊரே சொல்கிறது. கைகள் உண்மையிலேயே அழகாக இருக்கின்றன, பேசும்போது மேசைமேல் அசையாமல் கிடக்கின்றன.

எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா உங்க பெரியவரே பாத்துட்டுச் சொன்னாரே. அவருக்கு இருக்கற அனுபவத்துல ஒரு பார்வையில தெரிஞ்சிருக்கும். நீங்க கொஞ்சம் பயப்படறீங்க. பொம்பளைங்க எச்சரிக்கையா இருக்கறது நல்லதுதான்" என்றார்.

அறிக்கையை மூடிப் பைக்குள் வைத்தேன்.

அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டார்போல. ஆறுதலாக ஒன்று சொன்னார். அவர் வெளிநாட்டில் நிறைய வருஷம் வேலை பார்த்தவர். "அங்க நான் அறைக்குள்ள போனா நோயாளி முதல்ல என் கையைப் பாப்பாங்க. அப்புறம் எனக்குப் பின்னாடி கதவைப் பாப்பாங்க. வேற யாராவது வராங்களான்னு. நான் எல்லாம் சொல்லி முடிச்சதும், 'சரி, டாக்டர் எப்போ வருவார்'ன்னு கேப்பாங்க. சிரிச்சுக்கிட்டே கேப்பாங்கம்மா, அதான் விசேஷம். அதுக்குத்தான் திரும்பி வந்து என் சொந்த ஆஸ்பத்திரின்னு ஒண்ணு கட்டினேன். இங்க எவனும் கதவைப் பாக்கக்கூடாது."

சொல்லும்போது அந்தக் கைகளில் ஒன்று மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"அதனால சொல்றேன்" என்றார், "அடுத்த முறை அவரையும் கூட்டிட்டு வாங்க. அவர் முன்னாடி வச்சு முடிவு பண்ணிக்கலாம்."

அவருக்குக் கேட்கவில்லை. தான் சொன்னது தனக்கே கேட்கவில்லை.

வெளியே வரும்போது மருந்துக் கிடங்கு வழியாக வந்தேன். பின்னாலுள்ள தூணில் விரல் நுழையும் வெடிப்பு. அதன்மேல் ஒரு நாட்காட்டி மாட்டியிருக்கிறார்கள், சிரிக்கும் குழந்தைப் படம் போட்டது.

மார்ச் 14, வெள்ளி

ஒன்றும் செய்யவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு இருட்டறையில் படுத்துக் கிடந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

டாக்டர்மீது கோபப்படலாம் என்று பார்த்தால் முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பேராசிரியர் என் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, "மிக நன்று. யார் உதவி செய்தது?" என்று கேட்டார். அந்த 'மிக நன்று' என்னை எத்தனையோ வருஷம் நிமிர்த்தி வைத்திருந்தது. வேலைக்கான நேர்காணல்களில்கூட அதைச் சொல்லியிருக்கிறேன். அதற்கடுத்த கேள்வி என் காதில் விழுந்தது நாற்பது வயதுக்கு மேல்தான், ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது. வாக்கியம் முழுசாகத்தான் சொல்லப்பட்டது. நான் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன்.

யாரும் நம்மைக் கட்டிப்போட்டு வைக்கவில்லை இப்போது. அதுதான் அலுப்பு. திட்டுவதற்கும் எதிரே ஆள் இல்லை. அவர்கள் போய்விட்டார்கள், நாம்தான் நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதினால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. எழுதினால், நம்மவர்கள் முதலில் கேட்பது அதை வெளிநாட்டில் யார் பாராட்டினார்கள் என்பதுதான்.

மார்ச் 18, செவ்வாய்

முகத்திடம் எல்லாம் சொன்னேன். அலுவலகச் சாப்பாட்டு அறையில், வேறு யாரும் இல்லாதபோது. தூண்களின் படங்களைக் காட்டினேன். அவர் வெளுத்துப்போனார் – அதற்குமேல் வெளுக்க முடியுமென்றால்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அந்த மனிதர் அவ்வளவு ஆசையோடு பார்த்தார், இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை என்றார். பிறகு, கொஞ்சம் கழித்து: இங்கே நான் எதைச் சொன்னாலும் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், கொஞ்ச நாளில் எனக்கே ஏதோ தெரியும் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அது எனக்குப் புரிந்தது. எனக்கு நேர்ந்ததன் மறுபக்கம் அது.

அந்தத் தூண்களுக்கு மேலே, பிறந்த குழந்தைகள் படுத்திருக்கும் அறையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வியாழக்கிழமை கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றார். நான் பொறியாளர் இல்லை, பாட்டுக்காரன், எல்லாம் எழுதியது இவர்தான் என்று. கம்பெனி என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. என் வேலை என்ன ஆகும் என்றும் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மாவின் மருந்துகள் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் அதைச் சொல்லும்போது, 'எவ்வளவு பெருந்தன்மை' என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்வதற்குப் பெயர் பெருந்தன்மையா? நான் போன வாரம் உண்மையைச் சொன்னபோது அதற்குப் பெயர் பயம்.

மார்ச் 20, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கூட்ட அறை. முகம் நடுவில், முதலாளி வலப்பக்கம், நான் இடப்பக்கம். எதிரே டாக்டர், அவருடைய நிர்வாகி. முதலாளிக்கு ஒன்றும் தெரியாது.

முகம் எழுந்து நின்றார். அவரே இன்றைக்கு எழுந்து நின்றார். தெளிவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "டாக்டர், நான் பொறியாளர் இல்லை. ஒரு ஹோட்டலில் பாடிக்கொண்டிருந்தவன். அன்று மாடியில் சொன்னதை மறந்துவிடுங்கள். எனக்குக் கட்டடம் பற்றி எதுவும் தெரியாது. எல்லாம் தெரிந்தவர் இந்த அம்மையார். அவர் முடியாது என்கிறார் என்றால் முடியாது."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் சிரித்தார்.

மனசு விட்டு, வாய்கொள்ளாமல் சிரித்தார். நிர்வாகியும் சேர்ந்துகொண்டார். "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று டாக்டர் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "இதுதான் அவங்ககிட்ட எனக்குப் பிடிச்சது. எவ்வளவு பெரிய ஆளு, தனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறாரு. கூட வேலை செய்யற பொம்பளையைத் தூக்கி மேல வைக்கறாரு. நம்மாளு எவனாவது சொல்வானா? நாலு எழுத்துப் படிச்சாலே தரையில கால் நிக்காது."

முதலாளி கண்ணைத் திறந்தார். உயிர் வந்துவிட்டது அவருக்கு. "சார் எப்பவுமே இப்படித்தான்" என்றார்.

முகம், "இல்லை, நிஜமாகவே நான் ஒரு பாட்டுக்காரன்" என்றார். அதற்கு இன்னும் பலமான சிரிப்பு. "ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்களேன்" என்றார் நிர்வாகி. முகம் என்னைப் பார்த்தார். கரையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு என்னவோ ஆயிற்று. கோபமென்றுகூடச் சொல்லமாட்டேன். களைப்பு. இதற்குமேல் தூக்க முடியாது, கீழே வைத்துவிடலாம் என்பதுபோல.

"டாக்டர்" என்றேன். தமிழில் பேசினேன். "போன வாரம் சொன்னீங்க, அங்க நோயாளிங்க உங்க கையைப் பாத்துட்டு, பின்னாடி கதவைப் பாப்பாங்கன்னு. டாக்டர் எப்போ வருவார்னு கேப்பாங்கன்னு."

அவர் சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் வற்ற ஆரம்பித்தது.

"நான் போன வாரம் வந்து எல்லாம் சொன்னேன். நீங்க கேட்டுட்டு, கதவைப் பாத்தீங்க. இன்னிக்குக் கதவு வழியா வந்தவரே, நான் அவரில்லங்கறாரு. அப்பவும் நீங்க கதவைத்தான் பாக்கறீங்க. இன்னும் யாரு வரணும்?"

முதலாளி நடு நாற்காலியைத் தாண்டி மேசைக்கடியில் காலை நீட்டி என் காலை மிதித்தார். முட்டி வலிக்கிற கால். நான் நிறுத்தவில்லை.

"என்னை நம்பவேணாம். அவரையும் நம்பவேணாம். மருந்துக் கிடங்குல, குழந்தை படம் போட்ட காலண்டர் மாட்டியிருக்கற தூணுக்குப் போங்க. காலண்டரைக் கழட்டிட்டு உங்க கையை வச்சுப் பாருங்க. உங்களுக்குக் கை பேசும்னு ஊரே சொல்லுது. அது சரின்னு சொன்னா பத்து மாடி கூடக் கட்டிக்குங்க. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

டாக்டரின் முகம் கறுத்துவிட்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "கூட்டம் முடிஞ்சுது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குக் கோபம் வந்தால் தமிழ் வருகிறது. அவருக்கு வருவது ஆங்கிலம்.

மார்ச் 21, வெள்ளி

முதலாளி கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "கையெழுத்துப் போட வேற ஆள் கிடைக்கும் மேடம், உங்களுக்கே தெரியும்" என்றார். தெரியும். இந்த வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார். பழைய வரைபடங்களை அடுக்கிவைக்கும் வேலை இப்போதைக்கு.

முகம் இன்று வரவில்லை. கோட்டை மடித்து வரவேற்பு மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மார்ச் 27, வியாழன்

வரைபடங்கள். தூசி. தும்மல்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு செய்தியும் இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

பேருந்து ஆஸ்பத்திரி வழியாகப் போகும். இறங்க வேண்டியதில்லை, ஜன்னலிலிருந்தே மாடி தெரியும். போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். கம்பி ஏதாவது நட்டிருக்கிறார்களா, மணல் குவித்திருக்கிறார்களா என்று. படுக்கை விரிப்புகள்தான் காய்கின்றன. இருந்தும் நிம்மதி இல்லை. அடுத்த மாதம் என்றுதானே சொன்னார். அந்த அடுத்த மாதம் இதுதான்.

அவரை அவருடைய ஆட்கள் முன்னால் அப்படிப் பேசியிருக்க வேண்டாமோ? காயத்தை ஒருவர் நம்பிக் காட்டினால் அதிலேயே குத்துவதா? குத்தாமல் விட்டிருந்தால்?

பதில் தெரியவில்லை. இரண்டு முறை கணக்குப் போட்டாலும் வேறு வேறு விடை வருகிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

டாக்டர் தொலைபேசினார். என் எண்ணுக்கு, நேராக.

"காலண்டரைக் கழட்டினேன்" என்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அன்னிக்கே, நீங்கல்லாம் போனதும். உங்க மேல இருந்த கோபத்துல, நீங்க சொன்னது பொய்ன்னு காட்டணும்னுதான் போனேன். கையை வச்சா பெயர்ந்து வந்துடுச்சு. உள்ள கம்பியைத் தொட்டா இலை மாதிரி உதிருது."

கையிலிருந்த பழைய வரைபடத்தை மேசைமேல் வைத்தேன்.

"அப்புறமும் ஒரு மாசம் உங்களைக் கூப்பிடலை. ஏன்னு கேக்காதீங்க. வேற ஒரு வெளிநாட்டுக் கம்பெனி நம்பரை எடுத்து வச்சுக்கிட்டு இருந்தேன். தினம் எடுத்துப் பாப்பேன். நேத்திக்கு என் மனைவிகிட்ட இந்தக் கதவு விஷயத்தைச் சொன்னேன். 'உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா'ன்னு கேட்டா. அவளுக்குக் காய்ச்சல்னா கூட நான் அங்க படிச்ச டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போவேனாம்."

இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். மேல் மாடி கிடையாது. தரைத்தளத்துக்கு முட்டுக்கொடுக்க ஆள் வந்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடத்தை வாங்கலாமா என்று யோசிக்கிறார், நான் வந்து பார்க்க வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார். "முடிஞ்சா அவரையும் கூட்டிட்டு வாங்க. எனக்கில்ல. கூடப் பணம் போடறவங்க ரெண்டு பேர் வருவாங்க. அவங்க கொஞ்சம் பழைய மாதிரி ஆளுங்க."

"நான் மட்டும்தான் வருவேன் டாக்டர்."

அந்தப் பக்கம் நாற்காலி திரும்பும் சத்தம் கேட்டது. அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

"சரி, வாங்க" என்றார். "நான் சொல்லிக்கறேன்."

ஏப்ரல் 24, வியாழன்

முதலாளியிடம் டாக்டர் பேசியிருக்கிறார். வரைபட அறையிலிருந்து விடுதலை. "உங்களுக்கு அதிர்ஷ்டம் மேடம்" என்றார். தூண் உதிர்ந்ததைச் சொல்கிறார்.

புதுசாக ஒருவரைத் தேடுகிறாராம். இந்த முறை கொஞ்சம் இளமையாக, உயரமாக. எனக்கு வாக்குவாதம் செய்யத் தெம்பில்லை. "பாடத் தெரியாதவரா பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

மதியம் உள்கூட்டம். நடு நாற்காலி காலியாகக் கிடந்தது. எல்லாரும் அதை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். இடிக்கிறதே என்று என் கைப்பையை எடுத்து அதன்மேல் வைத்தேன். யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பை அங்கேயே இருந்தது.

மே 11, ஞாயிறு

காலையில் அம்மாவுக்குத் தலைவாரிவிட்டு, கீழே சம்மணம் போட முடியாததால் முக்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி. பாட்டுக்காரர்.

பழைய ஹோட்டலுக்கே திரும்பிவிட்டாராம். அங்கே கொடுப்பது குறைவு, ஆனால் பாட்டு முடிந்தால் அது பாட்டு என்று எல்லாருக்கும் தெரிகிறது என்றார். வேறு இரண்டு கம்பெனிகள் கூப்பிட்டனவாம், ஒன்றில் கண் மருத்துவராக உட்காரவாம். போகவில்லை. ஆஸ்பத்திரி என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். அப்பாடா என்று அவர் விட்ட மூச்சு காதில் கேட்டது. டாக்டர் இப்போதாவது நான் பொறியாளர் இல்லை என்று நம்புகிறாரா என்று கேட்டார். இன்னும் முழுசாக இல்லை என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு நாள் அம்மாவோடு வந்து கேளுங்கள் என்றார். பார்க்கலாம் என்றேன். நடுவில் ஒரு பட்டாணி உருண்டு கட்டிலுக்கடியில் போனது. குனிந்து எடுத்துக்கொண்டே பேசினேன்.

வைத்ததும் அம்மா கேட்டாள், "யாரு?"

"அந்த வெள்ளைக்காரர்மா. ஆபீஸ்ல இருந்தாரே."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். மடியில் பட்டாணித் தோல், காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தேன்.

"போடி, பொய் சொல்லாதே" என்றாள். "உக்காந்துல்ல பேசினே."